பாறைக்குள் ஒரு பாறை

முட்டத்துக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கடலுக்குள் இருக்கும் ஒரு பாறையின் முதுகில் பேராசிரியர் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை அவருடைய தாடையை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. கால்சட்டை தொடைவரை நனைந்துவிட்டது. அலை வடியும்போது பாறை பளபளவென்று வெளியே வரும். அவர் குனிந்து பார்ப்பார். அடுத்த அலை வந்து மூடும், நிமிர்ந்து காத்திருப்பார்.

நான் அவருக்கு இரண்டடி தள்ளி இருந்தேன். பாசி வழுக்கும் என்று பயந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்திருந்தேன். பின்னால், பேராசிரியரின் மாணவர்கள் உட்கார்ந்திருந்த வள்ளத்தில், சகாயம் அண்ணன் துடுப்பைப் பாறையில் ஊன்றி, வள்ளம் வந்து மோதாமல் தாங்கிப் பிடித்திருந்தார். முட்டத்தில் சிப்பி எடுக்கிறவர். கடலுக்குள் மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை நெம்பி எடுப்பது அவர் தொழில்.

சிப்பி வாடையும் ஈரப்பாசியின் வாடையும் மூக்கில் ஏறின. என்னுடைய பல வருட வேலை சரியா தப்பா என்பது, அந்த மனிதர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பதில் இருந்தது.

சென்ற வாரம் இந்தத் தொடரை, என் முதல் ஆய்வுக் கட்டுரை அச்சேறாமல் திரும்பி வந்ததோடு நிறுத்தியிருந்தேன். "இப்படி அழவச்சிட்டு நிறுத்தலாமா?" என்று நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி கோபித்துக்கொண்டார். இந்த வாரம் அழுகை கிடையாது அம்மா. தைரியமாகப் படியுங்கள்.

மேடையில் வந்த கேள்வி

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்துகிறவள். மார்த்தாண்டத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவரின் மகள். நான் ஆராய்வது நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கல்லைத்தான். வீட்டு அஸ்திவாரத்துக்கும் ஜல்லிக்கும் உடைக்கிறோமே, கறுப்பும் பச்சையும் கலந்து, உடைத்த இடத்தில் எண்ணெய் பூசியதுபோல மினுங்குமே, அது. எங்கள் படிப்பில் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர்.

அந்தக் கல் எப்படி உண்டானது என்பதில்தான் சண்டை.

ஐம்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பெரிய நிலப்பரப்புகள் ஒன்றோடொன்று மோதி, இங்கே பெரிய மலைகள் எழுந்தன. இலங்கையும் மடகாஸ்கரும் அப்போது நமக்குப் பக்கத்து வீடு. அந்த மலைகளின் அடியில் புதைந்த பழைய மணலும் சேறும் வெந்து, இருந்த இடத்திலேயே இந்தக் கறுப்புக் கல்லாக மாறின என்பது ஒரு கட்சி.

நான் மற்றக் கட்சி. அந்த மோதலுக்கு வெகுகாலம் முன்பே, ஏறக்குறைய இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னால், பூமியின் அடியிலிருந்து பாறைக்குழம்பு ஏறிவந்து, ஆறி, அன்று எழுந்திருந்த இன்னொரு மலைத்தொடரின் அடியில் புதிய நிலமாக இங்கே உறைந்தது. பிற்காலத்து மோதல் அதை இரண்டாம் முறை வேகவைத்தது, அவ்வளவே. இது சரியென்றால், நாம் நெல்லும் வாழையும் போடுகிற இந்த மண்ணுக்கு அடியில் இரண்டு மலைத்தொடர்களின் வேர் இருக்கிறது.

பழைய வயது இங்கே உண்டு என்று எனக்கு முன்பே பலர் எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்றும் முதல் ஆள் இல்லை. அது யாருடைய வயது என்பதுதான் கேள்வி. உறைந்த குழம்பின் வயதா? அல்லது எங்கிருந்தோ ஆற்றில் வந்து சேர்ந்த மணலின் வயதா?

ஒரு கருத்தரங்கில் நான் பேசி முடித்ததும் பேராசிரியர் எழுந்தார். எதிர்க்கட்சியின் பெரிய தலை அவர். பெயர் வேண்டாம். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"உருகின குழம்பு மேலே ஏறி வந்துச்சுன்னு சொல்றீங்க. சரி. வர்ற வழியில அது உடைச்சு விழுங்கின பழைய பாறை எங்கேம்மா? ஒரே ஒரு துண்டு காட்டுங்க. இல்லேன்னா இது நல்ல கற்பனை."

அரங்கத்தில் சிரித்தார்கள். ஆனால் கேள்வி நியாயமானது. என்னிடம் துண்டு இல்லை.

கல்லைப் பார்க்க வந்தவள்

கருத்தரங்கிலிருந்து திரும்பிய மறுநாளே துண்டைத் தேடத் தொடங்கினேன். மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள குவாரிகளில் ஏறி இறங்கினேன். ஒரு குவாரி மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கல்லு வேணுமா? வேண்டாமா? அப்ப என்னத்துக்கு வந்திய?" என்று கேட்டார்.

"பாக்க வந்தேன்."

"கல்லப் பாக்கவா?" என்று சொல்லி, லாரி டிரைவர்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். ஆனால் அதன் பிறகு புதிதாக வெடி வைத்த பாறை முகம் எது என்று போன் செய்து சொன்னவரும் அவர்தான்.

கிடைக்கவில்லை. பிற்காலத்து மோதலின் சூட்டிலும் அழுத்தத்திலும் எல்லாம் பரோட்டா மாவுபோல இழுபட்டுக் கிடந்தது. எது விழுங்கியது, எது விழுங்கப்பட்டது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் கடையில் போய் உட்காருவேன். அப்பா ஆணி எடை போட்டபடியே கேட்பார்: "மக்களே, இன்னைக்கு கல்லு என்னமும் சொல்லிச்சா?"

"இல்லப்பா."

"செரி. நாளைக்குக் கேளு."

அப்பா பத்தாம் வகுப்பு தாண்டாதவர். எனக்கு உளி வேண்டுமென்றால் கடையிலிருக்கும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஓசை நன்றாக உள்ளதை எடுத்துத் தருவார்.

இங்கே மண்டைக்காட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சின்ன வயதில் அங்கே அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு அம்மாவோடு போவேன். கூட்டத்தில் நசுங்கி, கோவிலில் கும்பிட்டு, பிறகு கடற்கரைக்கு ஓடுவேன். அலை வடிந்த இடத்தில் மணல் வரிவரியாக இருக்கும். ஒரு வரி வெள்ளை, ஒரு வரி கறுப்பு, ஒரு வரி குங்குமச் சிவப்பு. அந்தச் சிவப்பை உள்ளங்கையில் ஈரத்தோடு அப்பிக்கொண்டு, "அம்மா, இது யாரு கொட்டினது?" என்று கேட்டேன். "அம்மன் கொட்டினது. பேசாம வா" என்றாள் அம்மா.

பிறகு கல்லூரியில் படித்தேன். அந்தச் சிவப்பு, கார்னெட் என்னும் மணி. பூமியின் ஆழத்தில், மலையின் வேரில், பெரும் சூட்டில் விளைவது. மலை முழுவதும் தேய்ந்து போனபின் அது மணலாகக் கடற்கரைக்கு வந்திருக்கிறது. நான் உள்ளங்கையில் வைத்திருந்தது ஒரு மலைத்தொடரின் மிச்சம். இந்தப் படிப்பை ஏன் எடுத்தாய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

சிப்பியோடு வந்த கல்

குவாரிகள் தீர்ந்தபின் கடற்கரைப் பாறைகளுக்கு வந்தேன். முட்டத்துக் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே மூன்று நாள் தட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள், வலை உலர்ந்துகொண்டிருந்த பக்கத்திலிருந்து ஒருவர் வந்து நின்றார். அகன்ற தோள். உப்பில் வெளுத்த தலைமுடி. நாற்பத்தைந்து வயது இருக்கும். சகாயம் அண்ணனை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

"டீச்சறே, மூணு நாளா இந்தக் கல்லப் போட்டு அடிக்கிய. அது உங்கள என்ன செஞ்சு?"

நான் டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். குடையும் தோள்பையும் காட்டிக்கொடுத்திருக்கும்.

"ஒரு கல்லுக்குள்ள வேற கல்லு மாட்டிக் கெடக்கான்னு பாக்கேன் அண்ணே."

"மாட்டிக் கெடந்தா?"

"இந்தக் கறுப்புக் கல்லு ஒரு காலத்துல உருகி ஓடியிருக்குன்னு அர்த்தம். ஓடுறப்ப வழியில கெடந்தத ஒடச்சு உள்ள இழுத்திருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தார். "அப்ப சிப்பியோட பெயர்ற பாறையத்தான் தேடுதிய" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். "எல்லாப் பாறையிலயும் சிப்பிய நெம்புனா சிப்பி மட்டும் வரும். அந்தா தெரியுதுல்லா, அந்தப் பாறையில ஒரு எடம் கெடக்கு. கட்டில் அகலம் இருக்கும். அங்க நெம்புனா சிப்பியோட கல்லும் அடுக்கடுக்கா பெயர்ந்து வரும். ஒரு சாண் இந்தப்பக்கம் வந்தா கல்லு பெயராது. எங்க ஆளுவ அங்க போறதில்ல. கல்லு கெடந்தா யாவாரி ஏசுவான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். உப்பில் அரித்துப்போன இடமாக இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவரும் அவர் மனைவி லூர்து மேரி அக்காவும் என் முன்னால் இரண்டு ஓலைப்பெட்டிகளை இறக்கினார்கள். இரண்டிலும் சிப்பி. அக்கா மீன் வியாபாரம் செய்கிறவர். பேச்சில் சுற்றி வளைப்பு கிடையாது.

"இவரு நேத்துலேந்து சோறு எறங்காம இருக்காரு. டீச்சர் நம்பல்லன்னு. பாருங்க, பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லுங்க."

சிப்பி தன் நாரால் பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும். முதல் பெட்டியில் இருந்தவற்றின் நாரில் ஒன்றும் இல்லை. இரண்டாம் பெட்டியிலிருந்து ஒரு சிப்பியை எடுத்தேன். நாரின் நுனியில், விரல் நகம் அளவுக்கு ஒரு கல் தகடு ஒட்டியிருந்தது. லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தேன்.

காக்காப்பொன், அதாவது மைக்கா, மின்னியது. அதன் நடுவே சிவப்பாகக் கார்னெட் மணி. இது கறுப்புக் கல்லே அல்ல. மணலும் சேறும் வெந்து உண்டான பழைய அடுக்குப் பாறை.

"அண்ணே, ரெண்டும் ஒரே பாறையிலயா எடுத்திய?"

"ஒரே பாறை. இது இங்கன, அது அங்கன." தன் இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

நான் கத்திய கத்தல்

எனக்கு நீச்சல் தெரியாது. கடலுக்குள் அதுவரை போனதும் இல்லை. லூர்து மேரி அக்கா கணவரிடம் என் எதிரிலேயே சொன்னார்: "அவிய மலையில நடக்க ஆளு. கடல்ல எறக்கி என்னமும் ஆயிட்டுன்னா யாரு பதில் சொல்லுவா?" பிறகு என் பக்கம் திரும்பி, "சேலைய மாத்திட்டு சுடிதாரு போட்டுட்டு வாங்க" என்றார். அதுதான் அனுமதி.

கடல் ஓய்ந்திருந்த ஒரு காலையில் போனோம். பாறை நெருங்கியபோது பயத்தில் வள்ளத்தின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சகாயம் அண்ணன் என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அங்கே அவர் எனக்காக ஏற்கெனவே ஒரு வேலை செய்துவைத்திருந்தார். ஒரு பாய் அகலத்துக்குச் சிப்பியையும் பாசியையும் சுரண்டி, பாறையைச் சுத்தமாக்கியிருந்தார்.

குப்புறப் படுத்தேன். அலை வடிந்தது.

கறுப்புப் பாறைக்கு நடுவே, மூலைகள் கூராக, உடைத்துப்போட்ட பலகைபோல ஒரு துண்டு கிடந்தது. அதற்குள் வெளுப்பும் சிவப்புமாக வரிகள். அந்த வரிகள் சேலைக் கொசுவம்போல மடிந்து மடிந்து வந்து, துண்டின் விளிம்பில் கத்தியால் வெட்டியதுபோல நின்றுபோயின. கறுப்பில் அந்த மடிப்பு தொடரவே இல்லை.

அப்படியென்றால் துண்டு முதலில் மடிந்திருக்கிறது. பிறகுதான் உடைந்து கறுப்புக்குள் விழுந்திருக்கிறது. பாறை மடிவது மலை எழும்போது. குழம்பு வருவதற்கு முன்பே இங்கே ஒரு மலை எழுந்திருந்தது!

அடுத்த அலை வடிந்தபோது இன்னொன்றைக் கண்டேன். துண்டில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்புக்குள் கறுப்புப் பாறை, சுட்டு விரல் தடிமனில் நீளமாக நுழைந்து, நுனியில் ஊசியாக மெலிந்திருந்தது. இருந்த இடத்தில் வெந்த கல் அப்படி நுழையாது. ஓடுகிற குழம்புதான் நுழையும்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

"என்ன டீச்சறே, முள்ளு குத்திட்டா?" என்று சகாயம் அண்ணன் பதறி ஏறிவந்தார்.

நான் அந்தக் கறுப்பு விரலைத் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து, தன் விரலை அதன்மேல் வைத்து அளந்தார். "ஓடியிருக்கு" என்றார். "வெடிப்பு பாத்து ஓடியிருக்கு."

நாங்கள் இரண்டு பேரும் பாறை மேல் உட்கார்ந்து சிரித்தோம். அலை வந்து நனைத்தது. எனக்குப் பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ரவையைவிடச் சிறிய கடிகாரம்

இரண்டு பாறையிலிருந்தும் மாதிரி வேண்டியிருந்தது. அப்பா ஓசை பார்த்துத் தந்த உளியால், தண்ணீருக்குள் மூச்சடக்கி சகாயம் அண்ணனே வெட்டி எடுத்தார். நான் பைகளில் எண் எழுதினேன்.

பிறகு வெளியூர் ஆய்வகம். கல்லை இடித்து, சலித்து, அதிலிருந்து சிர்க்கான் என்னும் மணிகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். ரவையைவிடச் சிறியவை. குழம்பு ஆறும்போது அதற்குள் விளைகிற மணி, தனக்குள் கொஞ்சம் யுரேனியத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும். அது மெல்ல மெல்ல ஈயமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரியும்.

மணலாக வந்த மணிகள் என்றால் வயது பலவிதமாக இருக்கும். பல ஊர் ஆட்கள் ஒரே பஸ்ஸில் ஏறியதுபோல. ஒரே குழம்பில் விளைந்தவை என்றால் எல்லாம் ஒரு வயதைச் சொல்லும்.

முடிவு வந்த அன்று கல்லூரியில் தேர்வுக் கண்காணிப்பு. வகுப்பறையை விட்டு வெளியே வந்தபின்தான் போனைத் திறந்தேன். துண்டின் மணிகள் பல வயது. கறுப்புக் கல்லின் மணிகள், உள்கருவில், ஒரே வயது, ஏறக்குறைய இருநூறு கோடி ஆண்டு. துண்டின் மணிகள் எல்லாவற்றையும்விட இளைய வயது. மேலே ஒரு மெல்லிய தோல் மட்டும், பிற்கால மோதலில் வளர்ந்தது. இரண்டு மலைகளின் கதையும் ஒரே மணிக்குள்.

பேராசிரியருக்குப் படங்களோடு அனுப்பினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. "எண்கள் நன்றாக இருக்கின்றன. படத்தில் நிழல்கூடப் பாறைபோலத் தெரியும். நேரில் பார்க்க வேண்டும்."

ஒரு மணிக்கூர்

வந்தார். மாணவர்கள் நான்கு பேரோடு வந்தார். ஆனால் அன்று காலை காற்று மாறியிருந்தது. பாறைமேல் வெள்ளை நுரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பேராசிரியருக்கு மதியம் நாகர்கோவிலில் ரயில். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை வச்சுக்கலாம்மா. கடல் நம்ம கையில இல்ல."

அவர் இன்னொரு தடவை வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். சகாயம் அண்ணன் தண்ணீரின் ஓரத்தில் நின்று, பாறைக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரே, ஒரு மணிக்கூர் பொறுங்க. காத்து விழும்."

"நிச்சயமா சொல்றீங்களா?"

"நிச்சயம்னு கடல்ல நிக்கவன் சொல்லமாட்டான். ஆனா பொறுங்க."

லூர்து மேரி அக்கா எல்லோருக்கும் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்து, மாணவர்கள் செல்பி எடுத்து முடித்து, ஒரு மணி நேரம் ஆகி, பேராசிரியர் மூன்றாம் முறை கடிகாரத்தைப் பார்த்தபோது, காற்று விழுந்து நுரை தணிந்தது. "ஏறுங்க" என்றார் சகாயம் அண்ணன்.

அப்படித்தான் அவர் அந்தப் பாறையில் முழங்காலிட்டார்.

எத்தனை அலை வந்து போயிற்று என்று நான் எண்ணவில்லை. அவர் துண்டின் நான்கு மூலைகளையும் தொட்டார். மடிப்பு வெட்டுப்படும் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனார். கறுப்பு விரலின் இடத்துக்கு வந்ததும் நின்றார். சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து, முகம் பாறையில் படுகிற அளவு குனிந்தார். ஓர் அலை அவர் தலைமேல் அடித்தது. அவர் நிமிரவில்லை.

பிறகு சுத்தியலை எடுக்கப்போனவர், எடுக்காமல் கையை நிறுத்தினார்.

"இதை உடைக்கக்கூடாது" என்றார். "வர்றவங்க பாக்கணும்."

வள்ளத்தில் இருந்த மாணவர்களைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்: "அம்மா மேடையில பேசினப்ப நான் கற்பனைன்னு சொன்னேன். அது கற்பனை இல்ல. குழம்பு ஏறி வந்திருக்கு. என் கட்டுரைய நான் திருத்தி எழுதணும்."

வாயைத் திறந்தேன், உப்புத் தண்ணீர்தான் உள்ளே போனது.

அவர் சகாயம் அண்ணன் பக்கம் திரும்பினார். "இதை எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"சிப்பியோட கல்லும் பெயர்ந்து வந்துது சாரே. அப்ப அது வேற கல்லு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா! இதை என் பசங்களுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருஷம் ஆகுது."

திரும்பும் வழியில் பேராசிரியர் வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்ல, பரவாயில்ல" என்று சிரித்தார். ரயிலைப் பிடித்தாரா என்றுதானே கேட்கிறீர்கள்? பிடிக்கவில்லை. லூர்து மேரி அக்கா வைத்த சிப்பிக் கறியோடு முட்டத்திலேயே மதியச் சாப்பாடு.

நிறுவனம் என்ற கட்டம்

கட்டுரையை மறுபடி எழுதினேன். ஆசிரியர் பெயர்கள் நான்கு; அதில் இரண்டு பேர் ஆய்வகத்தில் வயது அளக்க உதவியவர்கள். என் பெயருக்கு அடுத்து சகாயம் அண்ணன் பெயரைப் போட்டேன். அவர் பார்த்தார், அவர் சொன்னார், அவர் வெட்டி எடுத்தார். அவர் பெயர் அங்கே இல்லாமல் வேறு எங்கே இருக்கும்?

பத்திரிகையின் இணையப் படிவத்தில், ஒவ்வோர் ஆசிரியருக்கும் எதிரே 'நிறுவனம்' என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. சகாயம் அண்ணனுக்குப் போன் செய்தேன். பின்னணியில் மோட்டார் சத்தம்.

"அண்ணே, நீங்க எந்த நிறுவனம்னு கேக்கான்."

"நானா? நான் எந்த நிறுவனம்?" கொஞ்சம் யோசித்தார். "முட்டம்னு போடுங்க டீச்சறே. அது போதும்."

முட்டம் என்று போட்டேன். படிவம் ஏற்றுக்கொண்டது.

கட்டுரை சில மாதங்களில் வெளிவந்தது. அச்செடுத்து எடுத்துக்கொண்டு முட்டத்துக்குப் போனேன். லூர்து மேரி அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். ஆங்கிலப் பெயர்களை எழுத்துக்கூட்டி, விரலால் நகர்த்திக்கொண்டே வாசித்தார். மூன்று பெயர்களுக்குக் கீழே பல்கலைக்கழகம், கல்லூரி, ஆராய்ச்சி நிலையம் என்று நீள நீளமாக இருந்தன. ஒரு பெயருக்குக் கீழே ஒரே ஒரு சொல்.

"ஏய், இங்க வாரும்" என்று கணவரைக் கூப்பிட்டார். பிறகு பொறுக்க முடியாமல், அவர் வருவதற்குள் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்தபடி தெருவில் இறங்கினார்.

"ஏலே, எல்லாரும் வாங்கல! நம்ம ஊரு பேரு போட்டிருக்கு!"